உங்கள் கப்பல் பிடிபட்டால்: 18ஆம் நூற்றாண்டு லண்டன் நீதிமன்றத்தில் உடைமையை நிரூபிக்கும் வழி

1781ஆம் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எம்டன் நகரத்து வணிகர். எம்ஸ் ஆறு வடகடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது எம்டன். பிரஷ்ய மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டது. அக்கரையில் ஹாலந்து. பிரிட்டன் 1778 முதல் பிரான்சோடும், 1779 முதல் ஸ்பெயினோடும், 1780 டிசம்பர் முதல் ஹாலந்தோடும் போரில் இருக்கிறது. பிரஷ்யா இந்தச் சண்டை எதிலும் இல்லை. ஆகவே உங்களுடையது நடுநிலைக் கொடி.

சில மாதங்களுக்கு முன் ஆம்ஸ்டர்டாம் வணிகர் ஒருவரிடம் ஒரு கப்பலைக் கிரயம் செய்து வாங்கினீர்கள். அது பிரான்சின் போர்தோ துறைமுகத்தில் திராட்சை மது ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், அரசு உரிமம் வாங்கிய ஆங்கிலத் தனியார் வேட்டைக் கப்பல் ஒன்று வளைத்துப் பிடித்து டோவருக்குக் கொண்டுபோய்விட்டது. பிடித்தவர் சொல்வது இது: இது ஹாலந்துக்காரன் கப்பல், எம்டன் வணிகர் வெறும் பினாமி. 1708ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து, நீதிமன்றம் பறிமுதல் என்று தீர்ப்பளித்தால் விற்ற பணம் பிடித்தவர்களுக்கே போகிறது. அவர்கள் எளிதில் விடமாட்டார்கள்.

வரலாற்று நாவல் எழுதுபவர்கள், சட்ட வரலாறு படிப்பவர்கள், பழைய வழக்குக் கட்டுகளை முதன்முறையாகத் திறப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உங்களைக் கப்பல்காரர் நாற்காலியில் உட்கார வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்த நீதிமன்றத்தின் விதிகளை வெளியிலிருந்து படித்தால் வெறும் சடங்காகத் தெரியும். பணத்தைப் பறிகொடுத்தவர் இடத்திலிருந்து பார்த்தால்தான் ஒவ்வொரு விதியும் எதற்கு என்று விளங்கும்.

ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நிலத் தகராறில் நீங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து மூலப்பத்திரத்தை எடுத்துக் காட்டலாம். இங்கே அது எடுபடாது. பிடிபட்ட நேரத்தில் கப்பலுக்குள் என்ன காகிதம் இருந்தது, கப்பலில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை வைத்துத்தான் முதல் விசாரணை. உங்கள் வழக்கின் பெரும்பகுதி கப்பல் புறப்பட்ட நாளிலேயே முடிந்துவிட்டது.

முதலில்: சரியான வாசலைத் தட்டுங்கள்

கப்பல் யாருடையது என்ற கேள்வி லண்டனில் ஒரே இடத்தில் விசாரிக்கப்படுவதில்லை. பங்காளிகளுக்குள் தகராறு என்றால், பொதுச் சட்டத்தின்படி வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றங்களில் வழக்குப் போட வேண்டும். கணக்கு வழக்கு என்றால் சான்சரி என்ற தனி நீதிமன்றம். கடல் நீதிமன்றமான அட்மிரல்டி அங்கெல்லாம் தலையிட்டால் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிபதிகள் தடையாணை அனுப்பிவிடுவார்கள். இரு தரப்புக்கும் இடையே பல தலைமுறைப் பகை. போரில் பிடிபட்ட கப்பல் மட்டும் அட்மிரல்டியின் தனிச் சொத்து. அதில் வேறு யாரும் கை வைக்க முடியாது.

அந்த நீதிமன்றம் செயின்ட் பால் தேவாலயத்துக்குத் தெற்கே டாக்டர்ஸ் காமன்ஸ் என்ற வளாகத்தில் கூடுகிறது. விசாரணையின்போது அங்கே வைக்கப்படும் வெள்ளித் துடுப்புதான் அதன் அதிகாரச் சின்னம். இங்கே ரோமானியச் சட்ட மரபு. வாதாடுபவர்கள் ஆக்ஸ்போர்டிலோ கேம்பிரிட்ஜிலோ உரிமையியல் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்கள். மனு எழுதி, கட்டணம் கட்டி, வழக்கை நடத்துபவர் பிராக்டர். யாழ்ப்பாணத்துப் பெரியவர்களிடம் 'பிறக்கிராசி' என்றால் உடனே புரிந்துகொள்வார்கள், அதே தொழில்தான். உங்களுக்கு முதலில் வேண்டியவர் அவர். வாதாடுபவர் பிறகு போதும்.

ஜூரி கிடையாது. சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் காட்சியும் கிடையாது. நாவல் எழுதுபவர்கள் கவனிக்க: நாடகம் வேண்டுமென்றால் அதை டோவரில் வையுங்கள், லண்டனில் எல்லாம் காகிதம்தான்.

இரண்டாவது: கப்பலில் என்ன காகிதம் இருந்தது என்று கணக்கெடுங்கள்

பிடித்தவர் கப்பலில் ஏறியதும் முதலில் கேட்பது கேப்டனின் பெட்டியை. உள்ளே இருந்த காகிதங்களை அப்படியே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, மறைக்கவில்லை, பிடிக்கும்போது இருந்த நிலையிலேயே தருகிறேன் என்று சத்தியப் பிரமாணமும் செய்ய வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண்ணோ எழுத்தோ இடுவார்கள். ஆகவே உங்கள் கேப்டனிடமிருந்து கடிதம் வந்தவுடன் பட்டியலைச் சரிபாருங்கள்.

கடவுச்சீட்டு: எந்த அரசின் அனுமதியில் கப்பல் போகிறது என்பதற்கு. பிரஷ்ய அரசின் பெயரில் இருக்க வேண்டும்.

மாலுமிகள் பட்டியல்: யார் யார், எந்த நாட்டார். பெரும்பாலானோர் எதிரி நாட்டார் என்றால் சந்தேகம் அங்கேயே தொடங்கும்.

கப்பல் வாடகை ஒப்பந்தம், விலைப்பட்டியல், பயணக் குறிப்பேடு ஆகியவை. குறிப்பேட்டில் சொன்ன வழியும் காகிதத்தில் சொன்ன துறைமுகமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள்.

சரக்குச் சீட்டு: இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அரைத்தாள் அளவில் அச்சிட்ட படிவம். ஆங்கிலப் படிவமானால் 'கடவுள் அருளால் நல்ல நிலையில் ஏற்றப்பட்டது' என்று தொடங்கும். நடுவே கப்பல் பெயர், கேப்டன் பெயர், சரக்கின் அளவு ஆகியவற்றைக் கையால் நிரப்புவார்கள். ஓரத்தில் ஒரு குறி வரையப்பட்டிருக்கும்: இரண்டு எழுத்து, ஒரு கோடு, சில சமயம் ஒரு சிலுவை. அதே குறி மரப்பீப்பாயின் மேலும் இருக்கும். ஒரே வாசகத்தில் மூன்று படிகள் எழுதுவது வழக்கம். ஒன்று நிறைவேறிவிட்டால் மற்றவை செல்லாது என்று அதிலேயே எழுதியிருக்கும். வேறு வழியில் அனுப்பிய படியில் பெறுபவர் பெயர் வேறாக இருந்து, அது இன்னொரு பிடிபட்ட கப்பலின் தபால் பையில் அகப்பட்டால் உங்கள் கதை முடிந்தது.

கடைசியாகக் கப்பலின் கிரயப் பத்திரம். அதற்குத் தனியாக வருகிறேன்.

கேப்டன் பயந்துபோய் எதையாவது கடலில் வீசியிருந்தால்? பிரான்சில் 1778 ஜூலை ஒழுங்குமுறைப்படி அது ஒன்றே பறிமுதலுக்குப் போதும். லண்டனில் அவ்வளவு கடுமை இல்லை; விளக்கம் சொல்ல இடம் உண்டு. ஆனால் அந்த விளக்கத்தைக் கேட்பவர் உங்கள் மற்றக் காகிதங்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். காகிதங்களை ஈயக் குண்டோடு கட்டி வீசும் வழக்கம் அந்தக் கால மாலுமிகளிடம் இருந்தது. பிடித்தவர்கள் முதலில் தேடுவதும் ஈரமான கயிற்றைத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது: கேப்டன் சொல்லப்போகும் பதில்

வழக்கின் உயிர்நிலை இதுதான். துறைமுகத்தில் நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் கேப்டன், துணைக் கேப்டன், சரக்குப் பொறுப்பாளர் என மூன்று நான்கு பேரைத் தனித்தனியாக அழைப்பார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது. வக்கீல் பக்கத்தில் இருக்க முடியாது. மொழி தெரியாவிட்டால் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் இருப்பார். கேள்விகள் முன்பே அச்சிட்டவை, எல்லாக் கப்பலுக்கும் பொதுவானவை. நூற்றாண்டின் இறுதியில் முப்பதைத் தாண்டிவிட்டன.

அந்தக் கேள்விகளை முதன்முறை படித்தபோது, இவற்றை எழுதியவர் எங்கள் பக்கத்துப் பத்திர எழுத்தராக இருந்திருப்பாரோ என்று தோன்றியது. வில்லங்கம் தேடுவதில் அப்படி ஒரு நேர்த்தி. எங்கே பிறந்தாய், கடந்த 7 ஆண்டுகள் எங்கே வாழ்ந்தாய், எந்த அரசனின் குடி என்று சாதாரணமாகத் தொடங்கும். பிறகு: உன்னைக் கேப்டனாக நியமித்தது யார்? கப்பலை உன் கையில் ஒப்படைத்தது யார், எந்த ஊரில்? கப்பல் எங்கே கட்டப்பட்டது? உரிமையாளர்கள் யார், அது உனக்கு எப்படித் தெரியும்? அவர்கள் மனைவி மக்களோடு எங்கே குடியிருக்கிறார்கள்?

மனைவி மக்கள் எங்கே என்பது வம்புக்குக் கேட்கும் கேள்வி அல்ல. ஒருவர் எம்டனில் குடியுரிமை வாங்கியிருக்கலாம், ஆனால் குடும்பமும் கடையும் ஆம்ஸ்டர்டாமில் இருந்தால் இந்த நீதிமன்றத்துக்கு அவர் ஹாலந்துக்காரர்தான். குடியிருப்பை நிர்ணயிப்பதில் காலமே பெரிய கூறு என்று 1800இல் இந்த நீதிமன்றத்தின் நீதிபதி சர் வில்லியம் ஸ்காட் ஒரு தீர்ப்பில் சொன்னார். அதற்கு முன்பும் நடைமுறை அப்படித்தான் இருந்தது.

அடுத்துக் கிரயம் பற்றிய கேள்விகள் வரும். பத்திரம் எழுதியது யார், எந்த மாதம், எந்த ஊர், சாட்சிகள் யார்? என்ன விலை, அது நியாயமான விலையா? பத்திரத்தில் எழுதாத உடன்பாடு ஏதாவது உண்டா? பத்திரத்தைக் கடைசியாக எங்கே பார்த்தாய்? முத்தாய்ப்பாக ஒன்று: இந்தக் கப்பலைத் திருப்பிக் கொடுத்தால், அது நீ சொல்பவர்களுக்கே சேரும், வேறு யாருக்கும் சேராது என்று உன் மனச்சாட்சியில் நம்புகிறாயா?

பழைய முதலாளியிடமே வேலைசெய்து, புதிய முதலாளியை ஒருமுறைகூடப் பார்க்காத கேப்டன் இந்தக் கடைசிக் கேள்வியில் தடுமாறுவார். தடுமாற்றத்தை எழுத்தர் 'தனக்குத் தெரியாது என்கிறார்' என்று எழுதிக்கொள்வார். அந்த மூன்று சொற்களை அழிக்க உங்களுக்குப் பின்னால் முந்நூறு தாள் தேவைப்படும்.

ஆகவே அறிவுரை ஒன்றுதான், அதுவும் கப்பல் புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியது. கேப்டனை நீங்களே கையெழுத்திட்டு நியமியுங்கள். கிரயப் பத்திரத்தை அவர் கண்ணால் பார்க்கட்டும். நகல் ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். உண்மையிலேயே உங்கள் கப்பல் என்றால் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சொல்லிக்கொடுத்த பாடத்தை மூன்று பேர் ஒரே வார்த்தையில் ஒப்பித்தால் ஆணையருக்கு அதுவே போதும்.

நான்காவது: நாள் கணக்கைத் தவறவிடாதீர்கள்

விசாரணைப் பதில்கள் லண்டனுக்குப் போனதும், இந்தக் கப்பலில் உரிமை உள்ளவர்கள் வரலாம் என்ற அறிவிப்பை ராயல் எக்ஸ்சேஞ்ச் வணிகக் கூடத்தின் தூணில் ஒட்டுவார்கள். அதிலிருந்து 20 நாள். யாரும் வரவில்லை என்றால் பறிமுதலுக்கு வழி திறந்துவிடும். எம்டனிலிருந்து கடிதம் போய் வருவதற்குள் அந்த 20 நாள் ஓடிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பெரும்பாலும் கேப்டனே உரிமையாளர் சார்பில் உரிமை மனு போடுவார். லண்டனில் ஒரு வணிக நண்பரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது இன்னும் நல்லது. ஜாமீன் கட்டவும் ஆள் வேண்டுமல்லவா?

கப்பலில் காகிதமே இல்லை, உரிமை கோரவும் யாரும் இல்லை என்றால், ஓர் ஆண்டும் ஒரு நாளும் காத்திருக்கும் பழைய வழக்கமும் உண்டு.

ஐந்தாவது: உரிமை மனுவும் பிரமாணப் பத்திரமும்

மனு சிறியது. இந்தக் கப்பல், அதன் தளவாடங்கள், இன்ன சரக்கு ஆகியவை எம்டன் நகரத்து இன்னாருக்குச் சொந்தம் என்பதோடு சரி. கூடவே இணைக்கும் பிரமாணப் பத்திரத்தில்தான் கவனம் வேண்டும். பிடிபட்ட நேரத்தில் பிரிட்டனின் எதிரிகளுக்கோ அவர்களுடைய குடிகளுக்கோ நேராகவோ மறைமுகமாகவோ இந்தக் கப்பலில் எந்தப் பங்கும் இல்லை என்று அதில் சத்தியம் செய்ய வேண்டும்.

பங்கு என்ற சொல்லில் தடுக்கி விழுந்தவர்கள் பலர். அந்தக் காலத்தில் ஒரு கப்பல் ஒருவருக்கே சொந்தமாக இருப்பது அரிது. எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று, அறுபத்து நான்கில் ஒன்று என்று கூறு போட்டு வைத்திருப்பார்கள். புயலில் ஒரு கப்பல் போனால் ஒரு குடும்பமே அழியக்கூடாது என்ற கணக்கு அது. பங்குதாரர்களில் ஒருவர் நிர்வாகம் பார்ப்பார். மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கும் லாபமும் போகும். உங்கள் கப்பலின் பதினாறில் ஒரு பங்கு மட்டும் ஆம்ஸ்டர்டாம் விதவை ஒருவரிடம் இருந்தால் அந்தப் பங்கு பறிமுதலாகும், மற்றவை பிழைக்கலாம். அதை மறைத்துச் சத்தியம் செய்து அகப்பட்டால், எஞ்சிய பதினைந்து பங்கையும் யார் நம்புவார்கள்? பங்குதாரர் அனைவரின் பெயர், ஊர், அளவு ஆகியவற்றை எழுதி, கூட்டினால் ஒன்று வருகிறதா என்று பாருங்கள். இது கேலி அல்ல. கூட்டினால் ஒன்று வராத பட்டியல்கள் அந்த நாளில் இல்லாமல் இல்லை.

ஆறாவது: கிரயப் பத்திரம் நிற்குமா?

போர்க்காலத்தில் எதிரி நாட்டவரிடமிருந்து நடுநிலை நாட்டவர் கப்பல் வாங்கலாம். லண்டன் நீதிமன்றம் அதைத் தடுக்கவில்லை. பிரெஞ்சு விதிகள், போர் தொடங்குவதற்கு முன்பே பத்திரமாகியிருக்க வேண்டும் என்று கேட்கும். லண்டன் கேட்பது வேறொன்று: விற்றவருக்கு இனி அந்தக் கப்பலில் ஒட்டோ உறவோ இல்லாமல் போய்விட்டதா?

இதற்கு இரண்டு வழக்குகளை அறிந்துகொள்வது நல்லது. இரண்டும் நம் 1781க்குப் பிந்தியவை, சர் வில்லியம் ஸ்காட் தீர்த்தவை. ஆனால் அவர் சொன்ன காரணங்கள் உங்கள் வழக்கிலும் அப்படியே எழும்.

1798இல் வந்தது 'விஜிலான்ஷியா'. கிரீன்லாந்துப் பக்கம் திமிங்கில வேட்டைக்குப் போன கப்பல். எம்டன் வணிகர் ஒருவருக்கு விற்கப்பட்டதாகக் காகிதம் சொன்னது. ஆனால் கப்பல் முன்போலவே ஹாலந்திலிருந்து புறப்பட்டு ஹாலந்துக்கே திரும்பும் தொழிலில் இருந்தது. நிர்வாகமும் ஆட்களும் அந்தப் பக்கமே. பத்திரத்தில் பெயர் மாறியது, கப்பலின் வாழ்க்கை மாறவில்லை. திருப்பித் தரவில்லை.

1801இல் வந்தது 'ஸெக்ஸ் கெஷ்விஸ்டர்ன்'. ஜெர்மன் மொழியில் 'ஆறு உடன்பிறப்புகள்' என்று பொருள். இதில் விற்பனை நடந்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் போர் முடிந்ததும் பழைய உரிமையாளருக்கே திருப்பித் தருவதாக ஓர் உடன்பாடு இருந்தது. நம் ஊரில் இதற்கு ஈடு என்று பெயர், கிரயம் என்று அல்ல. நீதிபதியும் அதையே சொன்னார்: கிரயம் முழுமையாக, நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் உண்மையில் கை மாறியதா, அல்லது 'பின்னர் தருவேன்' என்ற கடன் சீட்டா? கடன் சீட்டு என்றால், கப்பல் சம்பாதிக்கும் வாடகையிலிருந்தே அடைப்பதாக ஏற்பாடா? அப்படியானால் விற்றவருக்கு இன்னும் அந்தக் கப்பல்மேல் ஒரு கண் இருக்கிறது. விலை சந்தை விலைக்குப் பக்கத்தில் இருக்கிறதா? விற்ற பிறகு காப்பீடு எடுத்தது யார்? பாய் கிழிந்தபோது காசு கொடுத்தது யார்? வாடகைப் பணம் எந்த ஊருக்குப் போனது?

உங்களுக்கு இந்தக் கேள்விகள் அவமானமாகத் தோன்றலாம். நேர்மையான வணிகரை ஏன் இப்படிக் குடைய வேண்டும் என்று எம்டன்காரர்கள் முறையிடத்தான் செய்தார்கள். ஆனால் 1781இல் எம்டனிலும், ஆஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த, இன்றைய பெல்ஜியத்துத் துறைமுகமான ஆஸ்டெண்டிலும் திடீரென்று கப்பல் முதலாளிகளின் எண்ணிக்கை பெருகியது. முந்தின ஆண்டு மீன்பிடிப் படகு வைத்திருந்தவர்கூட மறு ஆண்டு பெரிய கப்பல்களுக்கு உரிமையாளராகக் காகிதத்தில் தோன்ற முடிந்தது. பெயர் கடன் கொடுப்பது ஒரு தொழிலாகிவிட்டது. அதற்கு விகிதப்படி கூலியும் உண்டு. நம் தரங்கம்பாடியில் டேனியக் கொடிக்கும் போர்க்காலங்களில் இதே மவுசு இருந்தது. சோழமண்டலக் கரையில் வணிகம் செய்த பிற நாட்டாருக்கு அந்தக் கொடி நல்ல குடையாக உதவியது. பினாமிகளுக்கு நடுவே உண்மையான உரிமையாளர் படும் பாடுதான் உங்கள் பாடு.

ஏழாவது: கடிதங்கள் காட்டிக்கொடுக்கும், காப்பாற்றவும் செய்யும்

பத்திரத்தைப் பொய்யாக எழுதலாம். வணிகக் கடிதங்கள் எல்லாவற்றையும் பொய்யாக எழுதுவது கடினம். அதனால் நீதிமன்றம் தபால் பையை உடைத்துப் படித்தது. மகனுக்குத் தந்தை எழுதியது, மனைவி கேப்டனுக்கு எழுதியது, கணக்குப்பிள்ளை முதலாளிக்கு எழுதியது என ஒன்றும் தப்பவில்லை. 'நம் பழைய நண்பர் பெயரைக் கப்பலில் வைத்திருக்கிறோம்' என்று ஒரு வரி போதும், பிடித்தவர் தரப்புக்கு விருந்து.

அதே சமயம், 'கிரயப் பணத்துக்கான உண்டியலை (பணமாற்றுச் சீட்டை) அனுப்பியிருக்கிறேன், ரசீது அனுப்பவும்' என்று வழக்கு வருவதற்கு மாதங்களுக்கு முன் எழுதிய ஒரு கடிதம் கப்பலிலேயே அகப்பட்டால், எந்தப் பிரமாணப் பத்திரமும் அதற்கு ஈடாகாது.

இப்படிப் பிடிபட்ட கடிதங்கள் நீதிமன்றத்திலேயே தங்கிவிட்டன. 1748இல் இந்தியப் பெருங்கடல் பக்கம் பிரிட்டிஷ் கடற்படை பிடித்த 'சாந்தா கத்தரினா' என்ற கப்பலில், ஈரானின் புது ஜுல்ஃபாவைச் சேர்ந்த ஆர்மீனிய வணிகர்களின் சரக்கும் கடிதங்களும் இருந்தன. உரிமை கோரி அவர்கள் லண்டன்வரை வழக்காடினார்கள். அந்தக் கடிதக் கட்டு இன்று ஆர்மீனிய வணிக வரலாற்றுக்கே பெரிய புதையல். (1603இல் சிங்கப்பூர் அருகே டச்சுக்காரர்கள் பிடித்த போர்ச்சுகீசியக் கப்பலுக்கும் ஏறத்தாழ இதே பெயர். ஆம்ஸ்டர்டாமில் நடந்த அந்த வழக்கு வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

எட்டாவது: கூடுதல் சான்று கேட்பது

கப்பலின் காகிதமும் மாலுமிகளின் பதிலும் ஒத்துப்போனால் அங்கேயே விடுதலை. இரண்டும் ஒன்றுசேர்ந்து உங்களுக்கு எதிராக நின்றால் அங்கேயே பறிமுதல். இடையில் இருந்தால்தான் 'கூடுதல் சான்று' என்ற கதவு திறக்கும். அப்போதுதான் எம்டன் நகராட்சிச் சான்று, நோட்டரி உறுதி செய்த கணக்குப் புத்தகப் பகுதிகள், விற்றவரின் ரசீது ஆகியவற்றைக் கொண்டுவர முடியும். பிரிட்டிஷ் சட்ட அதிகாரிகள் 1753இல் பிரஷ்யாவின் முறையீட்டுக்கு எழுதிய பதிலிலும், டாக்டர்ஸ் காமன்ஸ் வழக்கறிஞர்களாக இருந்த ஸ்காட்டும் ஜான் நிக்கலும் 1794இல் அமெரிக்கத் தூதர் ஜான் ஜேக்கு எழுதிய விளக்கக் கடிதத்திலும் இந்த வரிசையையே சொல்கிறார்கள்: முதலில் கப்பல் சொல்லட்டும், பிறகுதான் மற்றவர்கள்.

இந்தக் கதவு உரிமை அல்ல, சலுகை. இரட்டைக் காகிதம் வைத்திருந்தவருக்கும் காகிதத்தை மறைத்தவருக்கும் அது பெரும்பாலும் திறக்காது.

செலவு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. காரணமே இல்லாமல் பிடித்தார்கள் என்றால் அவர்கள் உங்களுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும். உங்கள் காகிதம் அரைகுறையாக இருந்து அதனால் சந்தேகம் எழுந்தது என்றால், கப்பலைத் திரும்பப் பெற்றாலும் பிடித்தவரின் வழக்குச் செலவை நீங்களே கட்ட நேரிடலாம். அதுவரை கப்பல் டோவரில் நிற்கும், மது புளிக்கும், மாலுமிகளுக்குக் கூலி ஏறும். பல வணிகர்கள் நடுவழியில் பிடித்தவரோடு சமாதானம் பேசி ஒரு தொகை கொடுத்து மீட்டுக்கொண்டது இதனால்தான். எனக்கு அதில் அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

தீர்ப்பு எதிராக வந்தால் 14 நாளுக்குள் மேல்முறையீடு. அது அரசவை உறுப்பினர்கள் அடங்கிய ஆணையர்களிடம் போகும். ஆண்டுக்கணக்கில் இழுக்கும். 1781 பிப்ரவரியில் டச்சுக்காரர்களின் கரீபியன் தீவான செயின்ட் யூஸ்டேஷியஸைப் பிடித்து அங்கிருந்த கப்பல்களையும் கிடங்குகளையும் வாரிக்கொண்ட பிரிட்டிஷ் அட்மிரல் ரோட்னியே, உரிமை கோரிய வணிகர்களின் வழக்குகளில் பல ஆண்டுகள் மாட்டிக்கொண்டார். பிடித்தவருக்கும் நிம்மதி இல்லை.

இந்தக் கட்டுகளை இன்று படிக்கப் போகிறவர்களுக்கு

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இவை இருக்கின்றன. 1652 முதல் 1815 வரை பிடிபட்ட சுமார் 35,000 கப்பல்களின் தாள்கள். அவற்றில் உரியவருக்குப் போய்ச் சேராத கடிதங்கள் மட்டும் 1,60,000 அளவில். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2018 முதல் இவற்றை வரிசைப்படுத்தி மின்வடிவில் ஏற்றி வருகிறார்கள்.

ஒரு கட்டைத் திறந்தால் எல்லோரும் கடிதங்களுக்குத்தான் முதலில் கை நீட்டுவார்கள். வேண்டாம். முதலில் மாலுமிகளின் பதில்களைப் படியுங்கள். அதில் கேப்டன் குறிப்பிடும் தாள்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த எண் இட்ட தாள்களைத் தேடுங்கள். எண் இல்லாத தாள் பெரும்பாலும் பின்னால் வந்து சேர்ந்தது. உரிமையாளர் தரப்பு கொண்டுவந்ததாக இருக்கும். உரிமை மனுவையும் பிரமாணப் பத்திரத்தையும் அதற்குப் பிறகு படித்தால், எந்த இடத்தில் வார்த்தையை அளந்து போட்டிருக்கிறார்கள் என்று தெரியும். டச்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். வழக்குக்காகச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு பல கட்டுகளில் கூடவே இருக்கும். அது எந்தத் தரப்புக்காகச் செய்யப்பட்டது என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.